நடைப்பிணம்: ஒரு சொல் கடந்துவந்த கடல்

ஒரு மொழியில் வழங்கும் சொற்களுள் சில அம்மண்ணிலேயே முளைத்தவை. சில கப்பலேறி வந்தவை. கடற்கரை மக்களாகிய நமக்கு இவ்விரண்டாம் வகைச் சொற்கள் புதியன அல்ல. வீட்டைப் பூட்டும் சாவி போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. வாடகை வசூலிலுள்ள வசூல் அரபியரிடமிருந்து வந்தது. நாள்தோறும் இவற்றைப் புழங்குகிறோம். வந்த வழியை நினைப்பதில்லை. நினையாமையால் பெரும்பாலும் குற்றமில்லை. ஆனால், சில சொற்கள் தாம் பட்ட துயரத்தையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தவை. அவற்றை மட்டுமேனும் பிரித்துப் பார்த்துவிட்டுப் பேசுவது நன்று.

அண்மையில் ஒரு நாள் இராயபுரத்தில் சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு, பேரனுடன் ஒரு தேநீர்க் கடையில் நின்றிருந்தோம். எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வந்த பேருந்தொன்று நின்றது. இரவு வேலை முடித்தவர்கள் இறங்கினர். தலை கவிழ்ந்து, கால்களை இழுத்து இழுத்து வைத்து, ஒருவரோடொருவர் பேசாது நடந்தனர். பிள்ளை சிரித்தான். “அங்கே பாருங்க நன்னா, ஜாம்பிங்க போவுது!” என்றான்.

“அப்படியென்றால் என்னடா?” என்றோம்.

“செத்துப்போனவன் எழுந்து நடப்பான் நன்னா. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. சொன்னதைச் செய்வான்.”

குழந்தை சொன்ன விளக்கத்தில் பிழையில்லை. அகராதிகளும் ஏறத்தாழ அதையே சொல்கின்றன. எனினும், அச்சொல்லை அவன் யார்மீது எறிந்தான் என்பதை எண்ணியபோது, கையிலிருந்த தேநீர் கசந்தது. அச்சொல்லின் வரலாற்றைத் தேடிப் பார்த்தோம். அத்தேடலே இக்கட்டுரை.

வேதாளமும் கூளியும்

இறந்த உடல் எழுந்து இயங்குவது பற்றிய அச்சம் எல்லா நாட்டிலும் உண்டு. நம் நாட்டில் அதற்கு வாய்த்த பெயர் வேதாளம். வேதாளம் என்பது பிணமன்று. பிணத்தினுள் புகுந்து அதை இயக்கும் ஆவி. விக்கிரமாதித்தன் தோளில் சுமந்துசென்றது உடல். கதை சொல்லியது அவ்வுடலில் குடியேறிய வேதாளம். இக்கதைகள் கி.பி. 11ஆம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில் இடம்பெற்றுள்ளன. அங்கே பிணம் தொங்கியது சிம்சபா மரத்தில். தமிழுக்கு வந்தபோது அது முருங்கை மரமாயிற்று. ஊருக்கு ஊர் கொல்லையில் நிற்கும் மரமன்றோ! திருந்தாதவனைக் கண்டால், “வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறியது” என்கிறோம்.

இக்கதையின் தமிழ் வடிவத்தைச் சென்னையில் பணியாற்றிய பெஞ்சமின் பாபிங்டன் என்பார் ஆங்கிலமாக்கி 1831இல் இலண்டனில் வெளியிட்டார். பின்னர் 1947இல் சென்னையிலிருந்து புறப்பட்ட அம்புலிமாமா, அரசனையும் அவன் தோளில் கிடந்த பிணத்தையும் ஓவியர் சங்கரின் கைவண்ணத்தில் வீடுதோறும் கொண்டுசேர்த்தது. முஸ்லிம் வீடுகளிலும் அவ்விதழை வாசித்து வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. 2020இல் சங்கர் மறைந்தபோது பலரும் நினைவுகூர்ந்தது அந்த ஒரு படத்தையே.

வேதாளத்துக்கு முன்னரே தமிழில் வழங்கியவை பேய், கூளி முதலிய சொற்கள். 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப் பரணியில் ‘காளிக்குக் கூளி கூறியது’ என ஒரு பகுதியே உள்ளது. அங்கே பேய்கள் பசியால் வாடுகின்றன. போர் முடிந்த களத்தில் கூழ் சமைத்து உண்கின்றன. தமக்குள் பேசிச் சிரிக்கின்றன. அவை அஞ்சத்தக்கனவாயினும், தமக்கென விருப்பும் வெறுப்பும் உடையவை.

பேய் என்னும் சொல் தமிழில் வேறொரு பணியும் செய்கிறது. மிகுந்ததையும், பண்படாததையும், உண்ண ஒவ்வாததையும் குறிக்க அது முன்னே வந்து நிற்கும். பேய்மழை, பேய்ச்சுரை, பேய்க்கரும்பு என்பன காண்க. நம் வடசென்னைத் திருவொற்றியூருக்கும் இப்பேய்க்கரும்புக்கும் தொடர்புண்டு. துறவி பட்டினத்தார் பேய்க்கரும்பு ஒன்றைக் கையிலேந்தி ஊர் ஊராக நடந்தார் என்றும், அக்கரும்பு இனித்த இடமே தாம் அடங்கும் இடம் எனக் கொண்டார் என்றும், திருவொற்றியூர்க் கடற்கரையில் அது இனித்தது என்றும் ஐதிகம் சொல்லும். அவரது சமாதி அங்கே இன்றும் உள்ளது. இராமேசுவரத்தில் பேய்க்கரும்பு என்ற பெயரில் ஓர் இடமுண்டு. குடியரசுத் தலைவராய் இருந்த அப்துல் கலாம் அவர்கள் 2015ஆம் ஆண்டு அடக்கம் செய்யப்பெற்றது அங்கேதான். கரும்பை மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறோம். இக்கட்டுரை மீண்டும் கரும்புக்கே வரும்.

அரபு மணலில் பிறந்த கூல்

அரபியரிடையே ‘கூல்’ என்றொரு சொல் பழங்காலந்தொட்டு வழங்கியது. பாலைநிலத்தில் பல வடிவெடுத்து, தனிவழிப் பயணியைத் திசைமாற்றிக் கெடுப்பது கூல் என நம்பினர். வானத்து விண்மீன் ஒன்றுக்கு ‘ரஃஸுல் கூல்’, அதாவது கூலின் தலை, எனப் பெயரிட்டனர். ஒளி கூடியும் குறைந்தும் தோன்றும் அம்மீனை ஐரோப்பியர் இன்றும் ‘அல்கூல்’ என்றே அழைக்கின்றனர். அறியாமைக் காலத்தில் அரபியர் கொண்டிருந்த இந்நம்பிக்கையை மறுத்து, கூல் என்பதில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உரைத்ததாக முஸ்லிம் நூலில் பதிவான நபிமொழி உண்டு.

மறுக்கப்பட்ட அச்சொல் மேற்கே பயணமாயிற்று. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரத்தோரு இரவுகளைப் பிரெஞ்சில் தந்த கலான் என்பவரின் பதிப்பில், கூல் கல்லறையைத் தோண்டிப் பிணந்தின்னும் பிறவியாகத் தோன்றுகிறது. அங்கிருந்து அது ஆங்கிலத்துக்குச் சென்றது. 1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த அமெரிக்கத் திரைப்படத்தில் பிணங்கள் கூட்டங்கூட்டமாக எழுந்து நடக்கின்றன. இன்றைய ஜாம்பிப் படங்களுக்கெல்லாம் அதுவே மூலம். வியப்பென்னவெனில், அப்படத்தில் ஜாம்பி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. பாத்திரங்கள் அவற்றைக் ‘கூல்’ என்றே அழைக்கின்றனர். ஜாம்பி என்ற பெயரைப் பின்னர்ச் சூட்டியவர் பார்வையாளரே.

ஒலி ஒத்திருப்பதால் அரபுக் கூலும் தமிழ்க் கூளியும் ஒன்றெனச் சொல்லிவிடலாகாது. ஒலியொப்புமை மட்டும் உறவுக்குச் சான்றாகாது என்பது சொல்லாராய்ச்சியின் முதற்பாடம்.

இறந்தோர் எழுவது பற்றி நம் மார்க்கம் கொண்ட நிலை தெளிவானது. மௌத்தானவரின் றூஹுக்கும் இவ்வுலகுக்கும் இடையே பர்ஸக் என்னும் திரை உண்டு. கியாமத்து நாள்வரை அது விலகாது. அதனால்தான் மய்யித்தைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழவைத்து, அடக்கிவிட்டு அமைதியாக வீடு திரும்புகிறோம். ஈசா நபி (அலை) அவர்கள் அல்லாஹ்வின் அனுமதியால் இறந்தோரை எழுப்பியதும், குகைவாசிகள் நெடுந்துயிலிலிருந்து எழுந்ததும் நாம் அறிந்தவை. மயிலையில் திருஞானசம்பந்தர் பூம்பாவையை எழுப்பினார் எனச் சைவர் கூறுவர். இவ்வாறு எழுந்தோரை எவரும் பேய் என்றோ வேதாளம் என்றோ அழைத்ததில்லை. ஏன்? எழுந்தவர் தம் உயிருடனும் தம் பெயருடனும் தம் அறிவுடனும் எழுந்தனர். ஆகவே அச்சம் பிணம் எழுவதைப் பற்றியதன்று. எழுந்த உடல் யாருடைய ஏவலில் நடக்கிறது என்பதைப் பற்றியது. இவ்வொரு வேறுபாட்டைப் பற்றிக்கொண்டால் ஜாம்பியின் வரலாறு விளங்கும்.

கரும்புத் தோட்டத்துச் சொல்

ஜாம்பி என்பது ஆப்பிரிக்கச் சொல். காங்கோ நாட்டு மொழிகளில் இறைவனையோ ஆவியையோ குறிக்கும் ‘ன்சம்பி’, தாயத்தைக் குறிக்கும் ‘சும்பி’ ஆகிய சொற்களுள் ஒன்றே அதன் வேர் என அறிஞர் கருதுவர். பிரேசிலில், தப்பியோடிய அடிமைகள் அமைத்த பல்மாரிஸ் என்னும் குடியரசின் தலைவன் பெயரும் சும்பி. 1695 நவம்பர் 20 அன்று போர்த்துக்கீசியர் அவனைக் கொன்றனர். அந்நாளைக் கருப்பின மக்கள் விழிப்புணர்வு நாளாகப் பிரேசில் இன்று கொண்டாடுகிறது. ஏவலுக்கு அடங்காத ஒருவன் பெயரும், ஏவலன்றி வேறறியாத பிணத்தின் பெயரும் ஒலியில் இவ்வளவு நெருங்கி நிற்பதை என்னென்பது!

1697இல் குவாதலூப் தீவை நிலைக்களனாகக் கொண்டு வெளிவந்த பிரெஞ்சு நூலொன்றின் தலைப்பிலேயே சொம்பி என்ற சொல் காணப்படுகிறது. அங்கு அது வெறும் ஆவியையே குறித்தது, நடக்கும் பிணத்தையன்று. பிணத்தின் பொருள் அச்சொல்லில் ஏறியது ஹைட்டித் தீவில்.

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் ஹைட்டி கரும்பும் காப்பியும் விளைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பியது. அவற்றை விளைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியிட்டுக் கொண்டுவரப்பட்டவர்கள். அமெரிக்கக் கண்டத்துக்கு இவ்வாறு கொண்டுசெல்லப்பட்டோருள் முஸ்லிம்களும் பலர். பிரேசிலின் பாயியா நகரில் 1835இல் கிளர்ந்தெழுந்த அடிமைகளுள் பெரும்பாலோர் முஸ்லிம்களே. தோட்டத்தில் நோயும் சவுக்கும் அடிமையை விரைவில் கொன்றன. இறந்தால் ஆவி கடல்கடந்து ஆப்பிரிக்காவுக்கு, தன் முன்னோரிடம், திரும்பிவிடும் என்பது அம்மக்களின் நம்பிக்கை. சாவு ஒன்றே விடுதலை. அவ்விடுதலையும் கிட்டாமற் போனால்? புதைத்த உடலை மந்திரவாதி எழுப்பி, பெயரையும் நினைவையும் பறித்து, மீண்டும் கரும்பு வெட்ட நிறுத்தினால்? அந்த அச்சத்தின் பெயரே சொம்பி. ஹைட்டி மக்கள் அஞ்சியது சொம்பி தம்மைக் கடிக்கும் என்றன்று; தாமே சொம்பி ஆகிவிடுவோம் என்றுதான்.

1791இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். 1804 சனவரி முதல் நாள் தம் நாடு விடுதலை பெற்றதென அறிவித்தனர். ஆயினும் அந்த அச்சம் அகலவில்லை. உயிருள்ளவரை மரணம் போன்ற மயக்கத்தில் ஆழ்த்தும் பொருளைக் கொடுப்பது கொலைமுயற்சி என்றும், அவ்வாறு மயங்கியவரைப் புதைத்தால் அது கொலையே என்றும் 19ஆம் நூற்றாண்டிலேயே அந்நாட்டுத் தண்டனைச் சட்டம் விதித்தது.

1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை ஹைட்டியை ஆண்டது. அக்காலத்தில் அங்குச் சென்ற வில்லியம் சீபுரூக் என்னும் எழுத்தாளர் 1929இல் ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்கச் சர்க்கரை ஆலையொன்றின் கரும்புக்காட்டில் பிணங்கள் கூலிக்கு வேலை செய்ததாகவும், கூலியை மேஸ்திரி வாங்கிக்கொண்டதாகவும் தாம் கேட்ட கதையை அதில் எழுதினார். 1932இல் அது திரைப்படமாயிற்று. அதன்பின் திரையில் கரும்புக்காடு மறைந்தது, சவுக்கு மறைந்தது, மேஸ்திரியும் மறைந்தான். கடிக்க வரும் பிணம் மட்டும் எஞ்சிற்று. 2016இல் வெளியான ‘மிருதன்’, 2019இல் வெளியான ‘ஜாம்பி’ ஆகிய தமிழ்ப் படங்கள் வழியாகவும், கைபேசி விளையாட்டுகள் வழியாகவும் நம் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது அந்த எஞ்சிய பிணமே.

நம் கரையிலிருந்து சென்றோர்

இஃது ஆப்பிரிக்கர் கதை, நமக்கென்ன என்பார்க்கு ஒரு சொல். ஆள் பிடித்துக் கப்பலேற்றும் தொழில் நம் கரையிலும் நடந்ததே. எண்ணூருக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனி அடிமைகளைப் பத்தாவியாவுக்கு அனுப்பியது. சென்னைக் கோட்டையிலும் அவ்வாணிகம் நடந்தது. 1688 மே மாதம் கோட்டை ஆட்சிக்குழு அதற்குத் தடை விதித்தது. கம்பெனிக்கு அதில் பெரும் இலாபமில்லை. பிள்ளைகளைத் திருட்டுக்கொடுத்தோர் முறையீடு பெருகிவிட்டது. முகலாய அரசு அவ்வாணிகத்தை வெறுத்துத் தடுக்கிறது. தடைக்கு அவர்களே காட்டிய காரணங்கள் இவை. அந்நாளைய ஆங்கிலத்தில் ஆள் கடத்துவோரை ‘ஆவி’ எனப் பொருள்படும் ‘ஸ்பிரிட்’ என்ற சொல்லால் அழைத்தனர் என்பது ஈண்டு கருதத்தக்கது. பேய் என்று பெயரிடப்பட வேண்டியவன் யார் என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர்.

பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் 1834இலும், பிரெஞ்சு நாடுகளில் 1848இலும் அடிமைமுறை ஒழிந்தது. கரும்பு ஒழியவில்லை. வெட்டுவதற்கு ஆள் தேவைப்பட்டது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து ‘துரூரோ’ என்ற கப்பல் 342 பேருடன் புறப்பட்டு, நவம்பர் 16 அன்று நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. அந்நாளில் சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் இல்லை; அலைகளைத் தாண்டி மசூலாப் படகுகளில்தான் ஆட்களைக் கப்பலுக்குக் கொண்டுசென்றனர். நேட்டால் சென்றோரின் பெயர்ப் பட்டியல்களில் முஸ்லிம் பெயர்களும் உள்ளன. புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் 1853 முதல் மார்த்தினீக் தீவுக்கும், 1854 முதல் குவாதலூப் தீவுக்கும் கப்பல்கள் சென்றன. 1880கள் முடியுமுன் முன்னதற்குச் சுமார் 25,000 பேரும், பின்னதற்குச் சுமார் 42,000 பேரும் இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டனர். சொம்பி என்ற சொல் அச்சேறிய அதே குவாதலூப்!

ஒப்பந்தக் கூலிமுறை அடிமைமுறையன்று. ஐந்தாண்டுக் கெடுவும் கூலியும் உண்டு என்பது உண்மை. ஆயினும், அடிமைகள் வெட்டிய அதே கரும்பைத்தான், பல இடங்களில் அவர்கள் வாழ்ந்த அதே குடிசைகளில் தங்கி, நம்மவர் வெட்டினர். சீட்டின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறினால் தண்டனை. அத்தீவுகளின் கிரியோல் மொழியில் ‘சொம்பி’ என்ற ஆப்பிரிக்கச் சொல்லுக்குப் பக்கத்தில் நம் ‘கூலி’ என்ற சொல்லும் குடியேறிற்று. உழைப்பின் ஊதியத்தைக் குறித்த நல்ல தமிழ்ச்சொல், அங்கே ஒரு மனிதனை இழிவுபடுத்தும் வசைச்சொல்லாயிற்று. நம் சொல் அங்கே வசையானது. அவர்களின் சொல் இங்கே கேலியானது. இரண்டும் பிறந்தது ஒரே கரும்புக்காட்டின் வியர்வையில்.

அங்குச் சென்றோர் மொழியை மறந்தனர். பலர் மதமும் மாறினர். எனினும், குவாதலூப், மார்த்தினீக் தீவுகளின் தமிழ் வழியினர் மாரியம்மனை வணங்குமிடத்தில், ஒரு கம்பம் நட்டுக் கொடியேற்றி ‘நாகூர் மீரா’ என்றொரு பெயரையும் சொல்லிவந்தனர். கடலில் காப்பவர் என்று கப்பல் தட்டில் அவர்கள் அழைத்த நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்களின் பெயரே அது! வழிபாட்டு முறை பற்றி நமக்கு மாற்றுக் கருத்து இருக்கலாம். ஆனால், பெயரையும் நினைவையும் பறிக்கும் தோட்டத்தில் நின்று ஒரு பெயரைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த அம்மக்களை நடைப்பிணம் என எவரும் சொல்லவியலாது.

உப்பு

ஹைட்டி நாட்டு நம்பிக்கை ஒன்று எஞ்சியுள்ளது. சொம்பிக்கு எசமானன் உப்பிடாத உணவையே தருவானாம். தப்பித்தவறி ஒரு கல் உப்பு நாவில் பட்டுவிட்டால் அதற்கு நினைவு திரும்பிவிடும். தான் யாரென்பதை அறிந்து, வேலையை எறிந்துவிட்டுத் தன் கல்லறையை நோக்கி நடந்துவிடும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. நமக்கு உப்பு நன்றியின் அடையாளம். அவர்களுக்கு அது விடுதலையின் அடையாளம். இரண்டிலும் உப்பு நினைவூட்டுகிறது.

வடசென்னையும் உப்பு விளைந்த மண்ணே. 1806இல் வெட்டிய காக்ரேன் கால்வாய் வழியே எண்ணூர் உப்பு படகுகளில் சென்னைக்கு வந்தது. அதைச் சேமித்த கொட்டாரங்களின் பெயர் ‘சால்ட் கொட்டார்ஸ்’ என்ற இரயில் நிலையத்தில் ஒட்டிக்கொண்டுள்ளது. 1856இல் இராயபுரத்தில் தென்னகத்தின் முதல் இரயில் நிலையம் எழுந்த நாளிலிருந்து இப்பகுதியில் மூட்டை தூக்கியோர், பாய்லர் முன் நின்றோர், வலை இழுத்தோர் எத்தனை ஆயிரம் பேர்! இந்நகரம் உண்ட சோற்றில் அவர்களின் உப்பு உண்டு.

தமிழில் நடைப்பிணம் என்றொரு சொல் பண்டே உண்டு. பெரும்பாலும் அது துயரத்தில் ஆழ்ந்தவர் தம்மைப் பற்றியே சொல்லிக்கொள்ளும் சொல். கணவனை இழந்தவள், பிள்ளையைப் பறிகொடுத்தவன், “நடைப்பிணமாய்த் திரிகிறேன்” என்பர். கேட்போர் கண்கலங்குவர். ஜாம்பியோ பிறரைச் சுட்டிச் சிரிக்கும் சொல்லாகிவிட்டது. போதையில் வீழ்ந்து தெருவோரம் கிடக்கும் இளைஞனை அப்பெயரால் அழைக்கிறோம். இரவெல்லாம் உழைத்து வருபவனையும் அழைக்கிறோம். அழைத்தவுடன் நம் கடமை தீர்ந்துவிடுகிறது. பிணத்துக்கு நாம் என்ன செய்ய முடியும்! ஆனால், அவன் பிணமல்லனே. அவனுக்கு ஒரு பெயர் உண்டு. காத்திருக்கும் ஒரு தாய் உண்டு. அவன் உறக்கத்தை யார் எடுத்துக்கொண்டார், அவன் கைக்குப் போதையை யார் கொடுத்தார் என்று கேட்பதற்கு மாறாக, அவனுக்கே பேய்ப்பெயர் சூட்டுவது மேஸ்திரியை மறைத்துப் பிணத்தைக் காட்டிய அத்திரைப்படக்காரரின் வேலையே ஆகும்.

இவற்றையெல்லாம் பேரனுக்குச் சில நாள் இரவுச் சோற்றுக்குப் பின் சிறிது சிறிதாகச் சொன்னோம். கப்பல் கதையையும் உப்புக் கதையையும் விரும்பிக் கேட்டான். “அப்போ நம்ம ஆளுங்களும் அங்கே போனாங்களா நன்னா?” என்று இருமுறை கேட்டான். அடுத்த வாரம் அதே கடையில் நின்றிருந்தபோது அப்பேருந்து வந்தது. இறங்கியோருள் ஒருவர் தேநீருக்காக நம் பக்கம் வந்தார். பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை; விலகி நின்று, அவருக்குப் பலகையில் இடம் விட்டான். அவர் அமர்ந்து, கண்ணாடிக் குவளையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, அவனைப் பார்த்து, “எந்த வகுப்புப் படிக்கிறே தம்பி?” என்று கேட்டார்.